வணிகர் வேட்டியின் ஓரத்தில் மூன்று புள்ளிகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும், பழைய படத்தில் நிற்கிற ஓர் ஆளைப் பார்த்து அவர் என்ன தொழில் செய்தார், வசதி உள்ளவரா, கூலிக்குப் போனவரா என்று சொல்ல என்னைவிட்டால் இன்னோர் ஆள் கிடையாது. எட்டாம் வகுப்பில் தவறியவன் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். டாக்டர் பட்டம் வாங்கிய மூன்று பேர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இது என்னன்னு பாருங்க கலியபெருமாள்" என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நான் வேலை பார்த்தது கடலூரில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய ஓவியக் காப்பகத்தில். 2005இல் உள்ளே போனேன். 2012இல் ஓய்வு பெற்றேன். போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்த பெண் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கி, கறை இருந்த இடத்தில் ஒரு தட்டு தட்டினாள். கறை காணாமல் போனது. "தப்பான இடத்துல தட்டிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்றேன். இன்னொரு தட்டு தட்டினாள். கறை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. "அவ்ளோதாங்க சார்" என்று சிரித்தாள். எங்கள் காலத்தில் அந்த இரண்டாவது தட்டு கிடையாது. அது இல்லாமல் நாங்கள் எப்படி வேலை செய்தோம், நான் எப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

முதலில் உள்ளே போன கதை. அதற்கு முன்னால் எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஓர் இஸ்திரி வண்டி. எங்கள் குடும்பமே துணி வெளுக்கிற குடும்பம். அப்பா கெடிலக்கரையில் வெளுத்தார். எனக்கு நீச்சல் தெரியும் முன்பே வெள்ளாவி வைக்கத் தெரியும். 2004 கடைசியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறு வாரம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கையில் பாலிதீன் சுற்றிய ஒரு தாள்.

"ஏங்க, பேப்பருக்கு இஸ்திரி போடுவீங்களா?"

"போடலாம் மேடம். அப்புறம் சாம்பல் அள்றதுக்கு ஒரு முறம் எடுத்தாரணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாலிதீனைப் பிரித்துக் காட்டினார். குயவர் ஒருவரும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருக்கும் படம். ஓரமெல்லாம் ஈரம். துறைமுகத்துப் பக்கம் காப்பகத்துப் படங்கள் இருந்த வீட்டில் பீரோவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். அடித்தட்டில் இருந்தவை கூழாகிவிட்டன. மேல்தட்டில் நாற்பது படங்கள் இப்படி ஓதம் ஏறிக் கிடக்கின்றன. அவற்றைச் சுருக்கம் விழாமல் காயவைக்க வேண்டும். அதற்காகத்தான் இஸ்திரிக்காரனைத் தேடி வந்திருக்கிறார். அவர்தான் காப்பகத்தின் பொறுப்பாளர், ஹெலன் மேடம்.

"இதுக்கு சூடு ஆவாதுங்க. ஈரத்த இழுக்கணும், சாயத்த இழுக்கக் கூடாது. சாயம் போற பட்டுக்குப் பண்ற மாதிரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை மூடிக்கொண்டு கூடவே போனேன். கஞ்சி சுத்தமாகப் போகும்வரை துவைத்த பழைய மல்வேட்டிகளைக் கிழித்து, ஒரு துணி, ஒரு படம், ஒரு துணி என்று அடுக்கி, மேலே பலகை வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை துணியை மாற்றினேன். வெயில் கூடாது, நேராக ஃபேன் கூடாது. ஒன்பது நாள். நாற்பதும் பிழைத்தன. பத்தாம் நாள் மேடம், "நாளைக்கும் வாங்க" என்றார். அந்த 'நாளை' ஏழு வருஷம் ஓடியது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் தூரிகையால் தூசு தட்டினேன், அடுத்த வருஷம் அட்டை வெட்டினேன், அதற்கப்புறம் பிளேடைக் கையில் கொடுத்தார். ஆனால் மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எது சொன்னாலும், "எதை வெச்சு சொல்றீங்க?" என்று கேட்பார். கோபமாக அல்ல, மணி கேட்கிற மாதிரி. பதில் சொன்னால், "படத்துல காட்டுங்க" என்பார். காட்ட முடியாததை அவர் காதில் வாங்கவே மாட்டார்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரொம்ப காலத்துக்கு முன்னால் இங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைகள், இந்த ஊர் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று தங்கள் ஊரில் காட்டுவதற்காக நம் ஓவியர்களிடம் வரைந்து வாங்கியவை. ஒவ்வொரு தாளிலும் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. கையில் தொழிலுக்கு உரிய சாமான். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. குயவர், தட்டார், செக்கு ஆட்டுகிறவர், கணக்கர், பல்லக்குத் தூக்குகிறவர் என்று வரிசையாகப் போகும்.

இதைப் படிப்பதற்கு அண்ணாமலை நகரிலிருந்து குணசேகரன் சார் வருவார். பல்கலைக்கழக வாத்தியார். நல்ல மனுஷன், கொஞ்சம் அவசரம். அவருக்கு ஒரு சூத்திரம் இருந்தது. கையில் இருப்பதை வைத்துத் தொழிலைப் பார், உடம்பில் இருப்பதை வைத்து வசதியைப் பார். வேட்டி முழங்காலுக்கு மேலே இருந்தால் கூலி ஆள். கணுக்கால் வரை இறங்கினால் பணக்காரர். குடை இருந்தால் இன்னும் ஒரு படி மேலே. செருப்பும் வெற்றிலைப் பையும் இருந்தால் நாலு பேருக்கு வேலை சொல்கிறவர். கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. என் அப்பா துணியைத் தொட்டுப் பார்த்தே வீட்டைச் சொல்வார். இவர் துணியைப் பார்த்து ஊரையே சொல்கிறாரே என்று நினைத்தேன்.

ஒருநாள் "உப்பு விற்பவர்" என்று எழுதியிருந்த படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியின் கூடையில் பழுப்பாக ஏதோ குவியல்.

"சார், இது உப்பு இல்ல. உவர்மண்ணு. வெள்ளாவிக்குப் போடறது" என்றேன்.

"அந்தக் காலத்து உப்பு பழுப்பாத்தான் இருக்கும் கலியபெருமாள்."

"எதை வெச்சு சொல்றீங்க?" இது மேடம், என்னைப் பார்த்து.

"எங்கம்மா கூட நானே அள்ளியிருக்கேன் மேடம்."

"அது பத்தாது. படத்துல காட்டுங்க."

காட்டினேன். அந்தப் பெண்ணின் சேலை முழங்கால் வரைக்கும் ஒரு பங்கு அடர்த்தியான நிறம், மேலே வெளிர். உப்பு விற்கப் போகிறவள் எதற்குச் சேலையை நனைத்துக்கொண்டு போகிறாள்? புருஷனுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கல். அதை எல்லோரும் பாறை என்று விட்டிருந்தார்கள். அது துவைக்கிற கல். மேடம் லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கே அட்டையில் இருந்த பெயரை அடித்து மாற்றி எழுதினார். குணசேகரன் சார், "நாங்க பத்து வருஷமா உப்பு தின்னுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். நான் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

2007 மார்கழியில் சிதம்பரத்தில் ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. தேர் பார்க்க வருகிற கூட்டம் இதையும் பார்க்கட்டும் என்று கீழ வீதியில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். அதே நேரத்தில் என் வேலையை நிரந்தரம் செய்ய மேடம் அறக்கட்டளைக் கமிட்டிக்கு எழுதியிருந்தார். அதுவரைக்கும் நான் தினக்கூலி. ரேஷன் கார்டையும் என் கல்யாணப் பத்திரிகையையும் விட்டால் என் பெயர் எழுதிய தாள் என்று என்னிடம் எதுவும் கிடையாது. அந்த நிரந்தர ஆர்டரை நினைத்தாலே எனக்குப் பசி எடுக்காது.

கண்காட்சிக்குப் போகும் படங்களில் ஈ எச்சம் எடுக்கிற வேலை என்னுடையது. பழைய படங்களில் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து கறுப்புக் கறுப்பாகப் புள்ளி வைத்திருக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. படத்தின் மேல் ட்ரேசிங் தாளைப் படாமல் விரித்து, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று குறித்து, நம்பர் போட வேண்டும். அதை மேடத்திடம் காட்டி, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம்தான் புள்ளியை ஊசிமுனை ஈரத்தால் இளக்கி, பிளேடின் மூக்கால் நெம்பி எடுக்கலாம். ஒரு படத்துக்கு ஒரு நாள் ஆகும். ஆயிரம் புள்ளிகளாவது எடுத்திருப்பேன். அப்புறம் எனக்கு எதற்கு ட்ரேசிங் என்று தோன்ற ஆரம்பித்தது. என் கண்ணைவிடவா ஒரு தாள்?

வணிகர் படம்தான் கண்காட்சிப் புத்தகத்தின் அட்டை. கணுக்கால் வரை இறங்கிய ஜரிகைக் கரை வேட்டி, குடை, வெற்றிலைப் பை, கழுத்து நிறைய நகையோடு மனைவி. "செல்வந்த வணிகர் தம்பதி" என்று குணசேகரன் சார் பெயர் வைத்து, நாலு பக்கம் எழுதியிருந்தார். அந்த வேட்டியின் மூலையில், கரைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. ட்ரேசிங் போடவில்லை. ஒரு டீ ஆறுகிற நேரத்தில் எடுத்துவிட்டேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். போட்டோ எடுத்து அச்சுக்கு அனுப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தட்டார் படம் என் மேசைக்கு வந்தது. அந்த வேட்டியின் மூலையிலும் மூன்று புள்ளிகள். பிளேடை எடுத்துவிட்டேன். லென்ஸில் குனிந்தபோது கை நின்றது. புள்ளிகள் மேடாக இல்லை. தூரிகையால் வைத்த புள்ளிகள். மூன்றும் ஒரே நேர்கோட்டில். அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. எந்த ஈயும் வரிசையாக மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டுக் கீழே கோடு போட்டுவிட்டுப் போகாது.

அது சேங்கொட்டைக் குறி. வெளுக்கப் போடுகிற துணி எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக, சேங்கொட்டையை ஊசியால் குத்தி அந்தப் பாலில் மூலையில் குறி போடுவோம். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. எழுத்தெல்லாம் கிடையாது, புள்ளி, கோடு, கூட்டல் குறிதான். ஒரு வீட்டுக்கு ஒரு குறி. அந்தப் பால் பட்டுப் பட்டு என் அப்பாவின் விரலெல்லாம் தோல் உரிந்திருக்கும். அந்த வீட்டில் பிறந்த நான் அதை ஈ எச்சம் என்று நினைத்தேன்!

கணக்கர் படத்தை ஓடிப்போய் எடுத்தேன். அதிலும் மூன்று புள்ளி, ஒரு கோடு. தட்டார், கணக்கர் இரண்டு பேரும் வேறு வேறு ஆள், வேறு வேறு முகம். துணி மட்டும் ஒரே வீட்டுத் துணி. அப்புறம் வணிகர் படத்தை எடுத்தேன். கோடு அப்படியே இருந்தது. கரையின் ஒரு பகுதி என்று நினைத்து அதை விட்டிருக்கிறேன். புள்ளிகள் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வீட்டுத் துணி வெளுக்க வந்தால் திரும்பிப் போக எட்டு நாள் ஆகும். நடுவில் கல்யாணம் காட்சி என்று ஏழைப்பட்டவர்கள் கொல்லைப்பக்கமாக வருவார்கள். "ஒருநாள் குடு மாமா" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போவார்கள். என் அப்பா கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் துணிக்குச் சொந்தக்காரரே எதிரில் நின்று, "வேட்டி நல்லாருக்குடா" என்று வாழ்த்தியதும் உண்டு. அந்த ஓவியருக்கு முன்னால் நின்றவர்களும் இரவல் துணியில்தான் நின்றிருக்கிறார்கள். வணிகரின் காலைப் பார்த்தேன். விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன, குதிகால் முழுக்க வெடிப்பு. செருப்பே போடாமல் சுமை தூக்கிய கால். அந்தக் கால்களைப் பற்றிக் குணசேகரன் சார், "ஓவியருக்குப் பாதம் வரையும் பயிற்சி போதவில்லை" என்று புத்தகத்தில் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாய்யா, சோத்துல கைய வெச்சிக்கினு யார நெனச்சிக்கினு இருக்க?" என்றாள் தையல்நாயகி, என் மனைவி. சொன்னேன்.

"நீ அழிச்சத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்ப வாய மூடிக்கினு ஆர்டர வாங்கு."

"அது இல்லடி, இந்த மாதிரி ஒண்ணு அந்த சாரு பொறவியிலயே கண்டதில்ல. நான் கண்டுபுடிச்சிருக்கேன். எப்டி சொல்லாம இருக்கறது?"

"ஒனக்குப் பெரும அடிக்கலன்னா சோறு செரிக்காது" என்றாள். தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, "சொல்றதுன்னா முழுசா சொல்லு. பாதிய சொன்னா அந்தம்மா மீதியக் கேட்டே எடுத்துடும்" என்றாள்.

மறுநாள் மேடமும் குணசேகரன் சாரும் இருக்கும்போது மூன்று படங்களையும் வரிசையாக வைத்துச் சொன்னேன்.

"கலியபெருமாள், புத்தகம் அட்டையோட அச்சாகி வந்துடுச்சிய்யா!" என்று தலையில் கை வைத்தார் சார். "ஓவியர் எதுக்கு வண்ணார் குறியைப் போயி வரையணும்?"

"தோட்டுல இருக்கற கல்லக்கூட எண்ணி வரைஞ்சவரு சார் அவரு. கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சி, வரைஞ்சிட்டாரு."

மேடம் லென்ஸை எடுத்தார். தட்டாரைப் பார்த்தார், கணக்கரைப் பார்த்தார். "சரி. வணிகர் படத்துல காட்டுங்க."

"கோடு இருக்குது மேடம். புள்ளி இருந்துச்சி. நான் எடுத்துட்டேன், ஈ எச்சம்னு நெனச்சி."

"ட்ரேசிங்?"

"போடல."

மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை நீட்டினார். நான் பிளேடைக் கொடுத்தேன். டிராயரில் வைத்துப் பூட்டினார். "நாலு மாசத்துக்கு நீங்க இதைத் தொடக் கூடாது" என்றார். என் வாழ்நாளில் வாங்கிய திட்டுகளையெல்லாம் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

குணசேகரன் சார் வணிகரின் பாதத்தின் மேல் லென்ஸை வைத்தபடியே இருந்தார். "பாதம் வரையத் தெரியாதவர்னு எழுதிட்டேனே" என்றார்.

"நல்லாவே தெரிஞ்சிருக்குது சார்."

அவர் சிரித்துவிட்டார். தன் பிரதியில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, அடுத்த பதிப்புக்காக மறுபடி எழுத உட்கார்ந்தார். படித்தவர்களில் அப்படி ஒருவரைப் பார்த்ததற்கு நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அச்சான புத்தகத்தை மாற்ற முடியாது. கண்காட்சியில் படத்துக்குக் கீழே வைக்கிற அட்டையை மாற்றலாம். மேடம் அவர் கைப்பட எழுதினார்: "மூவரும் உடுத்தியிருப்பது ஒரே வீட்டுத் துணி. சலவைக்கு வந்த இடத்தில் இரவலாகப் பெற்றதாக இருக்கலாம். இந்தப் படத்தின் வேட்டியில் இருந்த மூன்று புள்ளிகள் சுத்தம் செய்தபோது அழிந்துவிட்டன."

படித்துப் பார்த்தேன். "கண்டுபுடிச்சது யாருன்னு இல்லியே மேடம்."

"வேணாம் கலியபெருமாள். அடுத்த வாரம் கமிட்டி உங்க ஃபைலைப் பாக்குது. கண்டுபிடிச்சவர் பேரைப் போட்டா, அழிச்சவர் பேரையும் நான் போட்டாகணும். ஒண்ணை மட்டும் போட மாட்டேன். ரெண்டையும் விட்டுடறேன், யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் எனக்காக அவ்வளவு இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. நான் பேசாமல் போயிருக்கலாம். இரண்டு அடி போனேன், திரும்பி வந்தேன்.

"ரெண்டையும் போட்டுடுங்க மேடம்."

"யோசிச்சீங்களா?"

"யோசிச்சா வேணாம்னுதான் தோணும். எழுதிடுங்க."

எழுதினார்: "அழித்தவரும் கண்டவரும்: காப்பக ஊழியர் கலியபெருமாள்."

அந்த மாதம் ஆர்டர் வரவில்லை, மெமோ வந்தது. என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கமிட்டியில் இரண்டு பேர் சொன்னார்களாம். மேடம், "அவரை அனுப்பினா அந்த அட்டையையும் எடுத்துடணும், அட்டையை எடுத்தா நானும் போறேன்" என்றாராம். இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. குணசேகரன் சார்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். பதினான்கு மாதம் தள்ளி நிரந்தர ஆர்டர் வந்தது. பிளேடு நாலு மாசத்தில் சொன்னபடி திரும்பி வந்தது. அதற்கப்புறம் ட்ரேசிங் போடாமல் நான் ஒரு தூசியைக்கூட ஊதியதில்லை. ஓய்வு பெறுகிறவரை என் கையால் ஒரு படத்துக்கும் சேதம் வரவில்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை, பதிவேடு சொல்லும். இஸ்திரி வண்டிக்கு முன்னால் வந்து நின்று ஒரு தாளை நீட்டியதற்கும், அந்தப் பிளேடை வாங்கிப் பூட்டியதற்கும், திறந்து கொடுத்ததற்கும் அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டவன்.

ஆனால் சிதம்பரத்தில் கண்காட்சி தொடங்கிய அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. தேருக்கு வந்த கூட்டம் மண்டபத்தில் நெரிந்தது. நான் வணிகர் படத்துக்குப் பக்கத்தில் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கமிட்டித் தலைவர் வந்தார். மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம். நடந்தால் சத்தம் கேட்கிற மாதிரி கஞ்சி போட்ட வேட்டி. அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார், இரண்டு தடவை.

"இதுல எழுதியிருக்கற கலியபெருமாள் யாரு?"

"நான்தாங்க ஐயா."

"அழிச்சது நீயா, கண்டுபுடிச்சது நீயா?"

"ரெண்டும் நான்தாங்க."

"ரெண்டுக்கும் சேத்து ஒன்ன இன்னா பண்றது?"

அவர் திரும்பவும் படத்தைப் பார்த்தார். வேட்டியை, கோட்டை, அந்த வெடித்த குதிகால்களை. பிறகு, தூக்கிக் கட்டப் போகிறவர்போலத் தன் வேட்டி மூலையைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், முன்பக்கம் பார்த்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்து, மெதுவாகக் கீழே விட்டார். யாராவது கவனித்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வெளிச்சம் பத்தல. வெளக்க இன்னும் கொஞ்சம் கிட்ட வை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

நான் விளக்கைக் கிட்டே நகர்த்தி வைத்தேன்.